ஒன்பது மணிக்கு நிற்கும் மிஷின்

ஜூன் 3, 2024 – திங்கள்

மில்லில் பன்னிரண்டாம் நம்பர் நூல் மிஷின் இன்றைக்கும் காலை ஒன்பதுக்கு நின்றது. பதினொன்றும் கூடவே. ஓடிப்போய்ப் பார்த்தால் டிரைவ் பெட்டியின் சின்னத் திரையில் அதே இரண்டு எழுத்து: யு.வி. வோல்ட்டேஜ் குறைந்துபோச்சு, நான் ஓட மாட்டேன் என்று அர்த்தம். ரீசெட் செய்து ஓட்டிவிட்டேன். ஓட்டினால் ஆச்சா? ஒரு மிஷினுக்கு ஆயிரத்து எட்டுக் கதிர், கதிருக்கு ஒரு நூல். பாதிக்கு மேல் நூல் அறுந்து கிடந்தது. முனீஸ்வரி ஒவ்வொன்றாக ஒட்டிக்கொண்டு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். டீக்கு மணி அடித்தும் அவள் போகவில்லை.

லாக் புத்தகத்தில் 'கரண்டு டிப்' என்று எழுதினேன். மே மாதத்திலிருந்து பதினேழாவது தடவை. மேனேஜர் தமிழ்மாறன் சார் அந்தப் புத்தகத்தைப் படிக்கிறாரா, இல்லை கையெழுத்துப் போடுவதற்கு மட்டும் திறக்கிறாரா?

ஜூன் 5 – புதன்

முனீஸ்வரியை சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள்.

குற்றச்சாட்டு: வேண்டுமென்றே சிவப்புப் பட்டனை அமுக்கி மிஷினை நிறுத்துகிறாள், டீ குடிக்கப் போவதற்காக. நிற்பது அவள் பார்க்கிற இரண்டு மிஷின் மட்டும்தான். நிற்பது டீ நேரம்தான். வேறென்ன சாட்சி வேண்டும் அவர்களுக்கு.

நேராக மேனேஜர் ரூமுக்குப் போனேன். கதவைத் தட்டினேனா என்றுகூட ஞாபகமில்லை.

"சார், திரையில யு.வி.ன்னு வருது. அது கரண்டுக் கோளாறு. பதினேழு தடவைக்கு மேல எழுதி வச்சிருக்கேன்."

"பட்டனை அமுக்குனாலும் அதே எழுத்துதான வரும் பவானி? டிரைவுக்குப் போற கரண்டைத்தான அந்தப் பட்டன் கட் பண்ணுது?"

உண்மைதான். ஆள் விவரம் தெரியாதவர் இல்லை, அதுதான் இன்னும் எரிச்சல்.

"மத்த பத்து மிஷினும் நிக்காம ஓடுதுல்ல. அந்தப் பத்துக்கும் வேற ஊர்லருந்தா கரண்டு வருது?"

பதினான்கு வருஷமாக இந்த மில்லில் எலெக்ட்ரீஷியன். பொம்பளைக்கு எதுக்கு டெஸ்டர் என்று கேட்டவர்களையெல்லாம் வாயை மூட வைத்தவள். இன்றைக்கு ஒரு கேள்விக்குப் பதில் இல்லாமல் திரும்பி வந்தேன். த்தூ.

ஜூன் 6 – வியாழன்

ஷிப்ட் முடிந்ததும் முனீஸ்வரி வீட்டுக்குப் போனேன். அவள் புருஷன் வண்டன்மேட்டுப் பக்கம் ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போனவன், அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டான். மகள் கயல் பத்தாவது படிக்கிறாள். இவள் ஒருத்தி உழைப்பில்தான் அந்த அடுப்பு எரிகிறது.

"வெசாரணையில என்ன சொல்லப்போற?"

"நான் ஒண்ணும் பேசமாட்டேங்க்கா. பேசுனா அழுதுருவேன். அழுதா தப்புப் பண்ணிட்டுத்தான் அழுகுறான்னு நெனைப்பாக."

சாதாரணமாக வேலை போனால் இன்னொரு மில். மிஷினைக் கெடுத்தவள் என்று பேர் எடுத்து வெளியே வந்தால் கம்பத்திலிருந்து தேனி வரைக்கும் ஒரு மில்லும் அவளைச் சேர்க்காது. இது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கயல் காப்பி கொண்டுவந்தாள். சர்க்கரை போட மறந்திருந்தாள். குடித்தேன்.

விட மாட்டேன். எப்படி என்று இப்போது தெரியாது. விட மாட்டேன், அவ்வளவுதான்.

ஜூன் 9 – ஞாயிறு

ஒழுங்காக எழுத வேண்டும்.

காலையில் சாப்பிட உட்கார்ந்தோம். நானும் என் வீட்டுக்காரர் திலீபனும் மாமனாரும். ஒன்பது அடித்தது. டியூப்லைட் ஒருதரம் கண் சிமிட்டியது. பேன் சுணங்கி, பிறகு சுற்றியது. மாமா டம்ளரைக் கீழே வைத்தார்.

"மூணு பேஸ் வந்துருச்சு," என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு திராட்சைத் தோட்டத்துக்குக் கிளம்பினார்.

கல்யாணம் ஆகி இந்தச் சுருளிப்பட்டிக்கு வந்த நாளிலிருந்து கேட்கிற வார்த்தை. இங்கே கடிகாரம் பார்த்து யாரும் தோட்டத்துக்குப் போவதில்லை. லைட் சிமிட்டினால் தோட்ட லைனுக்கு மும்முனைக் கரண்டு வந்துவிட்டது என்று கணக்கு. நானும் எத்தனை தடவை அதே வார்த்தையைச் சொல்லியிருக்கிறேன். இன்றைக்குத் தோசையைப் பிட்ட கை அப்படியே நின்றது.

லைட் ஏன் சிமிட்டுகிறது?

வெளியே வந்து நின்றேன். நாலாபக்கமும் கிணற்று மோட்டார்கள் ஒரே மூச்சில் உறுமிக்கொண்டிருந்தன. ஆட்கள் இன்னும் தோட்டத்துக்குப் போய்ச் சேரவில்லை. மோட்டார்கள் தாமாக ஓடுகின்றன. ஆட்டோ பெட்டி. கரண்டு வந்ததும் தானே மோட்டாரைப் போட்டுவிடுகிற பெட்டி. அதில் ஒரு திருகு உண்டு, கரண்டு வந்து எத்தனை வினாடி கழித்துப் போடவேண்டும் என்று வைக்க. கம்பெனிக்காரன் அதை எதற்குக் கொடுத்தான்? எல்லா மோட்டாரும் ஒரே நேரத்தில் கிளம்பக் கூடாது என்றுதான். கிளம்புகிற நொடியில் ஒரு மோட்டார் ஓடுகிறபோது இழுப்பதைப்போல ஐந்து ஆறு மடங்கு இழுக்கும். எல்லாம் சேர்ந்து கிளம்பினால் ஒரே சப்ஸ்டேஷனில் இருக்கிற எல்லோருக்கும் கரண்டு ஒரு நொடி தொய்ந்துபோகும். மில்லும் அதே சப்ஸ்டேஷன்.

நம் ஆட்கள் அந்தத் திருகை எங்கே வைத்திருக்கிறார்கள்? பூச்சியத்தில். ஏனென்றால் ஒரு கிணற்றுக்கு இரண்டு மூன்று பங்காளி. முதலில் ஓடுகிறவனுக்குத் தண்ணீர், பிந்தினவனுக்குச் சேறு. எங்கள் கிணறே அப்படித்தான். மாமாவுக்கு ஒரு மோட்டார், அவர் தம்பி ராக்கையா சின்ன மாமாவுக்கு ஒரு மோட்டார்.

பூச்சியத்தில் வைத்தது யார்?

நான். நான்தாண்டி பவானி. ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை போய் அறுபத்து மூன்று பெட்டி மாட்டியிருக்கிறேன். "பூச்சியத்துல வை ஆத்தா"ன்னாக, வச்சேன். இறுக்கிவிட்டு அடையாளத்துக்கு நெயில் பாலிஷில் ஒரு புள்ளி வேறு வைத்தேன். என்னைப் பார்த்துத்தான் மற்றவர்களும் அப்படியே மாட்டினார்கள்.

முனீஸ்வரி பட்டனை அமுக்கவில்லை. நான் அமுக்கியிருக்கிறேன், இங்கே உட்கார்ந்துகொண்டு.

ஜூன் 10 – திங்கள்

மெயின் பேனலில் பழைய முள் மீட்டர் ஒன்று இருக்கிறது. அதன் எதிரே போனை நிறுத்தி, பக்கத்தில் கடிகாரத்தை வைத்து வீடியோ எடுத்தேன். ஒன்பது மணி சொச்சத்தில் முள் நானூற்றுப் பதினைந்திலிருந்து விழுந்து முந்நூறுக்குக் கீழே தொட்டுவிட்டு ஏறியது. முழுசாக ஒரு வினாடி இல்லை. அந்தக் கணமே பதினொன்றும் பன்னிரண்டும் நின்றன. முனீஸ்வரி இடத்தில் இப்போது வேறு பெண். மேனேஜர் என்ன சொல்கிறார் தெரியுமா? "போகும்போது அவளுக்கும் சொல்லிக்குடுத்துட்டுப் போயிருக்கா."

ஜூன் 13 – வியாழன்

விசாரணை நடத்த மதுரையிலிருந்து ஒரு வக்கீல் வருகிறாராம். முனீஸ்வரிக்குச் சாட்சியாக என் பேரைக் கொடுத்துவிட்டேன். வக்கீலுக்குப் புரிகிறமாதிரி எப்படிச் சொல்வது? எழுதிப் பார்க்கிறேன்.

ஐயா, பழைய பத்து மிஷினில் மோட்டார் நேராகக் கரண்டில் ஓடுகிறது. கரண்டு ஒரு நொடி தொய்ந்தால் அதுவும் ஒரு நொடி தொய்ந்துவிட்டு ஓடும். எருமை மாதிரி. மே மாதம் வந்த புது மிஷின் இரண்டிலும் நடுவில் டிரைவ் என்று ஒரு பெட்டி. அது வருகிற கரண்டை முதலில் தன் தொட்டியில் பிடித்துவைத்து, பிறகு வேண்டிய வேகத்துக்குத் தகுந்தமாதிரி மோட்டாருக்கு ஊற்றும். ஆனால் அந்தத் தொட்டி ஒரு செம்பளவுதான். வரத்து குறைந்தால் கண்மூடித் திறப்பதற்குள் காலி. காலியான தொட்டியோடு ஓடினால் தனக்குக் கேடு என்று பெட்டி தானே நிறுத்திக்கொள்கிறது. புது மாப்பிள்ளை மாதிரி ஐயா, இலையில் ஒன்று குறைந்தால் எழுந்துவிடும்.

கடைசி வரியை அடித்துவிட வேண்டும். வக்கீல் சிரித்தால் காரியம் கெட்டுவிடும்.

ஜூன் 20 – வியாழன்

இன்றைக்கு நடந்ததை எழுத வெட்கமாக இருக்கிறது.

வீடியோவைக் காட்டினேன். தொட்டிக் கதையும் சொன்னேன். வக்கீல் தலையாட்டிக் கேட்டார், நல்ல மனுஷன். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒரே ஒரு கேள்வி.

"கரண்டு கோளாறுன்னா எப்ப வேணா வரணுமேம்மா. அதென்ன கரெக்டா ஒன்பது மணி? கரண்டும் டீ குடிக்கப் போகுதா?"

தமிழ்மாறன் சார் குனிந்துகொண்டு சிரித்தார்.

பதில் நாக்கு நுனியில் இருந்தது. சொன்னால், அந்தப் பெட்டிகள் உனக்கெப்படித் தெரியும் என்று கேட்பார்கள். மில்லில் வேலை பார்ப்பவர் வெளியே வேலை பார்க்கக் கூடாது என்பது விதி. வேலை போய்விடும். "தெரியலங்க," என்றேன்.

முனீஸ்வரி என்னைத் திரும்பிப் பார்த்தாள். விசாரணையை ஒரு வாரம் தள்ளிவைத்தார்கள்.

ஜூன் 21 – வெள்ளி

கோழை. வேற என்னத்த எழுத.

ஜூன் 23 – ஞாயிறு

ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு நேராக எங்கள் மோட்டார் ரூமுக்குப் போனேன். மற்ற வீட்டுக்குப் போவதற்கு முன்னால் முதல் திருகு எங்கள் வீட்டுத் திருகாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எவன் கேட்பான்?

மாமா பின்னாலேயே வந்தார். மாமா பேர் தவசி, சுருளிப்பட்டியில் எல்லோருக்கும் தெரியும். அதிர்ந்து பேசாதவர். இன்றைக்குப் பேசினார்.

"எதுல கை வைக்கிற?"

"ரெண்டு நிமிசம் தள்ளி வைக்கிறேன் மாமா."

"ராக்கையா மோட்டார் முந்திக்கிட்டா என் கொடிக்கு என்னத்த ஊத்துவ? ஒன் மில்லு நூலையா?"

"ஆறு மணி நேரம் ஓடுற மோட்டாருக்கு ரெண்டு நிமிசத்துல என்ன ஆகப்போகுது மாமா. அவுகளுக்கும் தள்ளித்தான் வைக்கப்போறேன். ஒரு வாரம் அவுக முந்தி, ஒரு வாரம் நீங்க முந்தி."

"அவன் முந்தி ஓட்டுறதை நான் வேடிக்கை பாக்கணுமா? தண்ணி கெடக்கட்டும், எனக்கு மானம் இல்லையா?"

எனக்கும் கோபம் வந்துவிட்டது. திருகைத் திருகிக்கொண்டே சொன்னேன். "மாமா, இந்தப் பூச்சியந்தான் ஒரு பொம்பள பொழப்புக்கு உலை வச்சிருக்கு. அவ ஒரு பாவமும் பண்ணல. பண்ணினது நானு. ஒங்க மானம் ரெண்டு நிமிசம் காத்திருக்கும். அவ மகளுக்கு வகுத்துப் பசி காத்திருக்காது."

மாமனாரிடம் இப்படிப் பேசியது இதுதான் முதல் தடவை. திலீபன் வரப்பில் நின்று எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். மாமா துண்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மதியம் சாப்பிட வரவில்லை.

அதன்பிறகு பதினொரு வீடு. நான்கு பேர் சம்மதித்தார்கள். ஒருவர், "மில்லுக்காரனுக்கு வக்காலத்து வாங்க வந்துட்டியா"ன்னு நாயை அவிழ்த்துவிடப் போனார். மில்லுக்காரனோடு மல்லுக்கட்டத்தான் வந்திருக்கேன் பெரியப்பா என்று வாசலில் நின்றே சொன்னேன். நாயை மறுபடி கட்டினார். திருகைத் திருக மட்டும் விடவில்லை.

ஜூன் 25 – செவ்வாய்

மாமா இன்னும் என்னோடு பேசவில்லை. ஆனால் காலையில் ராக்கையா சின்ன மாமா தானாக வந்து, "அண்ணன் சொன்னாக, எம் பெட்டியையும் திருப்பி வையி," என்றார். ஒரு வருஷமாக இருவருக்கும் பேச்சு வார்த்தை கிடையாது. யார் முதலில் வாயைத் திறந்தார்கள் என்று கேட்க ஆசைதான். கேட்கவில்லை.

அண்ணன் தம்பி இருவரும் தள்ளி வைத்துவிட்டார்கள் என்ற பேச்சு பரவியதும் மற்றவர்களுக்குத் தடை சொல்ல முடியவில்லை. மில்லுக்கு லீவு சொல்லிவிட்டேன். இருட்டுவதற்குள் நாற்பத்தொரு பெட்டி. ஒருத்தருக்கு இருபது வினாடி, அடுத்தவருக்கு நாற்பது, அதற்கடுத்தவருக்கு ஒரு நிமிஷம் என்று தோட்டம் தோட்டமாகப் பிரித்து வைத்தேன். விரல் கொப்பளித்துவிட்டது.

ஜூன் 26 – புதன்

ஒன்பது மணிக்கு முள் முந்நூற்று ஐம்பதுக்குக் கீழே போகவில்லை. இரண்டு மிஷினும் ஓடின.

பேனல் ரூமில் தனியாக நின்று அழுதேன். ஒரு நிமிஷம்தான். அப்புறம் முகம் கழுவிக்கொண்டேன்.

ஜூன் 27 – வியாழன்

தமிழ்மாறன் சார் இன்றைக்கு விசாரணையில் உற்சாகமாக ஆரம்பித்தார். "பாருங்க சார், விசாரணை இறுகினதும் ரெண்டு நாளா மிஷின் நிக்கல. புதுசா வந்தவளுக்கும் பயம் வந்துருச்சு. இதைவிட என்ன சாட்சி வேணும்?"

நான் எழுந்து நின்றேன். நிற்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை.

"பயத்துனால இல்ல சார். நான்தான் நிக்காம பண்ணினேன்."

எல்லாவற்றையும் சொன்னேன். லைட் சிமிட்டுவது, ஆட்டோ பெட்டி, பூச்சியம், அறுபத்து மூன்று. எங்கேயும் பூசி மெழுகவில்லை. போன தடவை தெரியாது என்று சொன்னது பொய் என்பதையும் சொன்னேன்.

"வெளி வேலை பாக்க உங்களுக்கு அனுமதி இருக்கா?" என்றார் வக்கீல்.

"இல்லைங்க."

"இதை நான் பதிவு பண்ணணும். தெரியும்ல?"

"பண்ணிக்கோங்க சார். ஒரு நாள் மட்டும் நீங்க சொல்லுங்க. அன்னைக்கு யாரையும் மிஷின் பக்கத்துல விடாதீங்க. நீங்களே நில்லுங்க. ஒன்பது மணிக்கு நான் நிக்கவைக்கிறேன். மறுநாள் ஓட வைக்கிறேன்."

வக்கீல் காலண்டரைப் பார்த்துத் திங்கட்கிழமை என்றார்.

ஜூலை 1 – திங்கள்

நேற்று முழுக்கத் தோட்டம் தோட்டமாகப் போய் எல்லாவற்றையும் பழையபடி பூச்சியத்தில் வைத்தேன். இதற்கு மட்டும் ஒருவரும் மறுக்கவில்லை.

வக்கீல் பன்னிரண்டாம் மிஷினுக்கு எதிரே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பக்கத்தில் ஒரு ஆள் இல்லை. நான் வேண்டுமென்றே எல்லோரும் பார்க்கிறமாதிரி வாசலில் நின்றேன். ஒன்பது. தலைக்கு மேல் விளக்குகள் ஒருதரம் மங்கின. இரண்டு மிஷினும் சுணங்கி, மெல்ல மெல்ல நின்றன. பழைய பத்தும் ஓடிக்கொண்டே இருந்தன.

வக்கீல் குனிந்து திரையைப் படித்தார். சிவப்புப் பட்டனைத் தொட்டுப் பார்த்தார். யாரும் அமுக்கவில்லை.

ஜூலை 2 – செவ்வாய்

நேற்றுச் சாயங்காலமே எல்லாப் பெட்டியையும் திரும்பத் தள்ளி வைத்தாயிற்று. இன்று இரண்டு மிஷினும் ஓடின.

ஜூலை 8 – திங்கள்

முனீஸ்வரி வேலைக்கு வந்துவிட்டாள். குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று ஒரு வரி. நாங்கள் தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று ஒரு வரி? அதெல்லாம் கிடையாது.

டிரைவ் கம்பெனி இன்ஜினியரும் வந்தார். கரண்டு தொய்கிற நொடியில், சுற்றிக்கொண்டிருக்கிற மோட்டாரிடமிருந்தே கொஞ்சம் வாங்கித் தொட்டியை நிரப்பிக்கொள்கிற வசதி அந்தப் பெட்டியிலேயே இருக்கிறதாம். வாங்கின நாளிலிருந்து அணைத்தே வைத்திருக்கிறார்கள். பாஸ்வேர்டு மேனேஜரிடம். அந்தப் பெட்டிக்குள் பார்க்க விடுங்கள் என்று நான் கேட்டபோது, தொட்டால் வாரண்டி போய்விடும் என்று விரட்டிய அதே பெட்டி. நாலு நிமிஷ வேலை. நின்று மணி பார்த்தேன். நாலு நிமிஷத்துக்காக ஒரு பொம்பளையை ஒரு மாசம் களவாணி மாதிரி உட்கார வச்சிருந்தாக. எனக்கு வருகிற ஆத்திரத்துக்கு—

வெளி வேலை பார்த்ததற்காக எனக்கும் சார்ஜ் மெமோ வந்தது. எதிர்பார்த்ததுதான்.

ஜூலை 14 – ஞாயிறு

மேனேஜர் ஒரு மன்னிப்புக் கடிதத்தை அவரே டைப் செய்து அனுப்பியிருக்கிறார். கையெழுத்துப் போட்டால் விசாரணை இல்லையாம். படித்தேன். அனுமதியில்லாமல் வெளி வேலை பார்த்தேன் என்பது முதல் வரி. சரி, பார்த்தேன். அதனால் மில்லுக்கு நஷ்டம் வந்தது. சரி, அதில் என் பங்கும் உண்டு. தொழிலாளி மீது தவறான சந்தேகம் ஏற்பட்டதற்கும் நானே முழுப் பொறுப்பு என்பது கடைசி வரி.

ஓஹோ.

"போட்டுக் குடுத்துரு பவானி, வேலைய காப்பாத்திக்க," என்றார் திலீபன். "மூணு வரிதான."

மாமா திராட்சைக் கூடைக்குப் பேப்பர் விரித்துக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை. "ரெண்டு வரிக்குப் போடட்டும். மூணாவதுக்கு எதுக்குப் போடணும்?" மூன்று வாரம் கழித்து என் விஷயத்தில் அவர் பேசிய முதல் பேச்சு. என்னிடம் அல்ல, பேப்பரிடம்.

முதல் இரண்டையும் என் கைப்பட எழுதி அனுப்பினேன். மூன்றாவதை எழுதவில்லை. விசாரணைக்குத் தேதி போட்டுவிட்டார்கள்.

ஜூலை 30 – செவ்வாய்

எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள். வேலை இருக்கிறது.

குற்றம் சாட்டப்பட்டவர் துணைக்கு ஒரு சக தொழிலாளியைக் கூட்டி வரலாம் என்று விதி உண்டு. நான் யாரையும் கேட்கவில்லை. மேனேஜருக்கு எதிரே உட்கார எவளுக்குத் தைரியம் வரும், வந்தாலும் அவள் கதி என்ன ஆகும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். பத்து மணிக்கு உள்ளே போனால், என் நாற்காலிக்குப் பக்கத்து நாற்காலியில் முனீஸ்வரி. தலையெல்லாம் பஞ்சு, மிஷினிலிருந்து அப்படியே வந்திருக்கிறாள். தன் விசாரணையில் தலை குனிந்தே இருந்து மொத்தமாகப் பத்து வார்த்தை பேசாதவள்.

"நீங்க யாரும்மா?" என்றார் வக்கீல்.

"தொணைக்கு வந்திருக்கேங்க. பதினொண்ணு, பன்னெண்டு மிஷினு."

அவர் எழுதிக்கொண்டார். தமிழ்மாறன் சார் பழைய கடிதத்தையே, அந்த மூன்று வரியோடு, மேஜைமேல் என் பக்கம் நகர்த்தினார். மேலே பேனா.

"ஒரு கையெழுத்துதான் பவானி. இதோட முடிச்சுக்கலாம்."

நான் வாயைத் திறந்தேன்.

"போட மாட்டாக சார்," என்றாள் முனீஸ்வரி. குரலை உயர்த்தவில்லை. தாளைப் பேனாவோடு சேர்த்து அவர் பக்கமே தள்ளி வைத்தாள்.